சாக்கு என்றால் போதும்

மூக்கண்டப்பள்ளி,
திங்கட்கிழமை.

அன்புள்ள சுபாஷுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை தர்ஷினி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு எழுந்து நன்றாக இருக்கிறோம். நீயும் அந்தச் செகந்திராபாத் ராணுவ முகாமில் காலில் கொப்புளம் இல்லாமல், காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன் என்று நீ எழுதியதை அப்பா இந்த லைன் வீட்டில் ஒரு போர்ஷன் விடாமல் படித்துக் காட்டிவிட்டார்.

அப்பாவுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்து நாலு மாதம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் புதன்கிழமை கம்பெனி டாக்டர் முன்னால் இருபது கிலோ பெட்டியைத் தரையிலிருந்து இடுப்பு உயர மேசைக்குப் பத்து தடவை தூக்கி வைத்துக் காட்ட வேண்டும். வைத்துவிட்டால் மறுநாளே தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் பழைய இடம். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நமக்குத் தெரியாதா. பிசியோ டாக்டர் பயிற்சிகளைப் படம் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் ஏதாவது ஜிம்மில் சேர்ந்து செய்யுங்கள் என்றார். அப்பாவும் பாகலூர் ரோட்டில் ஒரு ஜிம்முக்குப் போனார், ஒரே ஒரு நாள். நாலு பக்கமும் கண்ணாடியாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் தொப்பையும் தையல் தழும்பும்தான் தெரிந்ததாம். இவர் ஒரு டம்பெல்லைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து அவருடைய லைன் சூப்பர்வைசர் அஜித்குமார் உள்ளே வந்திருக்கிறான். "என்ன பரமசிவம்ணே, மறுபடியும் பொண்ணு பாக்கறாங்களா, உடம்பு ஏத்தறீங்க?" என்று சிரித்தானாம். சிரித்தாலும் அவன் கண் டம்பெல்லில் போட்டிருந்த இரண்டு கிலோ என்ற எழுத்தில்தான் இருந்தது என்கிறார் அப்பா. அதோடு சரி, அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். உன் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் இரண்டு சாலிட் கல் வைத்து அதன்மேல் ஒரு பலகை, இழுத்துப் பழக ஜன்னல் கம்பியில் கட்டிய சைக்கிள் டியூப், தூக்கிப் பழக ஒரு ஜி.ஐ. பைப். பைப்பின் இரண்டு முனையிலும் சாக்கு மாட்டிக்கொள்ளலாம். தர்ஷினி அரிசிச் சாக்கை வெட்டிச் சின்னச் சின்னதாகத் தைத்து ஒவ்வொன்றிலும் இரண்டரை கிலோ எம்-சாண்ட் மணல் நிரப்பி வைத்தாள். பக்கத்துப் போர்ஷன் கங்கப்பனைத் தெரியுமல்லவா, கர்நாடகத்து மாலூர்க்காரர், குடோனில் மூட்டை தூக்குகிறவர், அவர் வந்து பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. போன சனிக்கிழமை ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது, என்னால்தான். பக்கத்துக்கு மூன்று சாக்கோடு அப்பா பைப்பை மார்புவரை தூக்கி நிற்கிறார். கங்கப்பன் "சாக்கு, சாக்கு" என்றார். இன்னொரு சாக்கு கேட்கிறார் என்று நான் ஒன்றை எடுத்து வலப்பக்கம் மாட்டிவிட்டேன். அவர் பதறிப்போய் இன்னும் உரக்கச் சாக்கு சாக்கு என்கிறார், சரி இந்தப் பக்கத்துக்கும் ஒன்று கேட்கிறார் என்று நான் எடுக்கத் திரும்புகிறேன், அதற்குள் பைப் சரிந்து அப்பாவையும் சேர்த்து இழுத்துவிட்டது. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். காய்கறிக்காரி வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கையில் மணல் சாக்கு இருக்கும்போது புத்தி அங்கே போகவில்லை. கங்கப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் சிரித்துக்கொண்டு, "இனிமே வாயத் தொறக்காத கங்கப்பா, கையத் தட்டு போதும்" என்றார். லேசான சுளுக்குத்தான், தைலம் தேய்த்துச் சரியாகிவிட்டது. நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு பயிற்சியை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஆரம்பிக்காதே. அந்தப் பேச்சு ஒரு தடவை கேட்டதே எனக்குப் போதும்.

ஈரம் காயாத சாக்ஸைப் போடாதே. கோபம் வந்தால் தண்ணீர் குடி. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்து நிமிடம் போன் கொடுக்கும்போது முதலில் சாப்பிட்டதைச் சொல், மற்றதெல்லாம் பிறகு. நீ காலெடுத்து வைக்கிற தரை உனக்கு மெத்தென்று இருக்கட்டும், நம் குலசாமி உன் முன்னால் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பார்வதி

அண்ணா, இதற்குக் கீழே இருப்பது அம்மா சொன்னதில்லை, நானாக எழுதுவது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டாள். சுளுக்கு இல்லை அண்ணா. அப்பாவால் வலது கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. அம்மா இருக்கும்வரை வெக்கையாக இருக்கிறது என்று பனியனோடு உட்கார்ந்திருக்கிறார், அவள் போனதும் சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். புதன்கிழமை இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கிவிடுவாராம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தையல் இன்னொரு தடவை விட்டால் மறுபடி தைக்க முடியாது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

எனக்குச் சாக்கு என்றால் என்னவென்று தெரியும். கங்கப்பன் வீட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பேசிக் கன்னடம் வரும். சனிக்கிழமை நான் வாசற்படியில்தான் நின்றேன். "அம்மா, வேண்டாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளி ஆள் ஒருவர் இருந்தால் எனக்குப் பேச்சு வராது, பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றதும் அதனால்தான் என்று உனக்குத் தெரியும். இன்று காலை காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி மூன்று தடவை கேட்டும் பேச்சு எழவில்லை. "ஊமையா பாப்பா நீ?" என்று கேட்டு, வருகிறவர்கள் எழுதும் நோட்டைத் தள்ளினார். வந்த காரணம் என்ற கட்டத்தில், என் அப்பா பரமசிவத்துக்குத் தோள் மறுபடியும் அடிபட்டுவிட்டது, அவருக்குத் தெரியாமல் சொல்ல வந்தேன் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் யாருக்கோ போன் செய்தார். முதலுதவி அறை நர்ஸ் மாதேஸ்வரி அக்கா வெளியே வந்தார். "புதன்கிழமை தூக்கி அது கிழிஞ்சுதுன்னா எந்த வேலைக்கும் எழுதித் தர மாட்டாங்க பாப்பா. இப்பவே கேட்டா ஸ்டோர்ல உக்காந்து பொருள் எடுத்துக் குடுக்கற வேலை இருக்குது. ஆனா அவரே எழுதிக் கேக்கணும், நீ கேட்டா செல்லாது" என்று சொல்லி லைட் டூட்டி ஃபாரம் ஒன்று கொடுத்தார்.

அம்மா போனதும் அதை அப்பாவின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் போய் வாங்கினேன் என்றேன். நீயா, தனியாகவா என்று கேட்டுவிட்டு டம்ளரை ஒருபக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "லைட் டூட்டி போனவன் எவனாச்சும் திரும்ப பிரஸ்ஸுக்கு வந்திருக்கானா?" என்றார். தோள் போனவரும் வந்ததில்லைப்பா என்றேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. அடிப்பாரோ என்று நினைத்தேன். ஃபாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். நான்தான் எழுதினேன் என்று சொன்னாலும் பரவாயில்லை, பிரஸ்ஸைப் பற்றி மட்டும் பேசாதே, வலி எப்படி இருக்கிறது என்று கேள். நீ பயிற்சியை விட்டு வந்துவிடாதே. வந்தால், உன் சம்பளமும் இல்லை என்று அவர் அந்தப் பெட்டியைக் கட்டாயம் தூக்குவார்.

அப்பா பேனா கேட்கிறார். எழுதுகிற பேனா வீட்டில் இது ஒன்றுதான், கொடுத்துவிட்டு மீதியைப் பென்சிலில் எழுதுகிறேன். பெயரும் டோக்கன் நம்பரும் எழுதிவிட்டார். உடம்பில் எந்தப் பகுதி என்று கேட்கும் கட்டத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வலது தோள் என்றேன். எழுதுகிறார்.

உன் தங்கை,
தர்ஷினி