அஞ்சலை என்று பெயர் வைக்க இருந்த பீர்

என் அம்மா அஞ்சலைக்கு, உன் மகள் ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பீர் குடித்தேன். ஐம்பதைத் தாண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக. ஊற்றிக் கொடுத்தது உன் மகன். வேறு யாரும் உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தம்பி பாலா செனாவாங்கில் ஒரு சின்னத் தொழிற்கூடம் எடுத்துச் சொந்தமாக பீர் காய்ச்சுகிறான். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் மோட்டார் பழுதுபார்க்கும் கடை, நடுவில் இவனுடைய எவர்சில்வர் தொட்டிகள். உள்ளே நுழைந்ததும் ரப்பர் தோட்டத்தில் நீ மாட்டுக்குத் தீனி வேகவைக்கும்போது வருமே, அந்த வாசனை அடித்தது. நீ படுக்கையில் இருந்தபோது வீட்டின் பின்பக்கம் பானையில் காய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அப்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் நான் பார்த்திருந்தேன்.

"புது பீர் ஒண்ணு கா. கொஞ்சம் ஸ்ட்ராங்கு. அம்மா பேரு வைக்கப்போறேன்" என்றான். கையில் ஒரு லேபிள். தலையில் விளக்கு கட்டிய பால்வெட்டுக்காரி ஒருத்தி, ஓங்கிய கையில் ஒரு போத்தல். கீழே கொட்டை எழுத்தில் 'அஞ்சலை'.

"சம்சு போத்தல ஒடைச்ச பொம்பளன்னு கதையும் பின்னாடி போடுறேன். கே.எல். டவுன் ஆளுங்களுக்கு இந்த மாதிரி கதைன்னா ரொம்பப் புடிக்கும் லா."

அந்தக் கதையில் அவன் எங்கே இருந்தான்? கைக்குழந்தை. அந்தச் சம்சுச் சாராயத்தைக் குடித்துவிட்டு லயத்து வீடுகளுக்குப் பின்னால் கால்வாயில் கிடந்த அப்பாவை விடியற்காலையில் நீயும் நானும்தான் புரட்டிப் பார்த்தோம். காரியம் முடிந்த கையோடு பெண்களைத் திரட்டிக்கொண்டு சம்சு விற்றவன் குடிசைக்குப் போய்ப் போத்தல்களை உடைத்தாய். அவனுடைய ஆட்கள் உன்னைத் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கை அதற்குப் பிறகு நேராகவே இல்லை. லேபிளில் இருந்த கை நன்றாக நேராக இருந்தது.

"வேணாம் தம்பி" என்றேன்.

"மொதல்ல குடிச்சுப் பாரு கா. குடிக்காமலே வேணாங்கிற."

கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினான். செம்பழுப்பு நிறம், மேலே கெட்டியான நுரை. மூக்கருகே கொண்டுபோனபோது பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போல மணத்தது. கோழித்தீனி மாதிரி பச்சை உருண்டைகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். ஹாப்ஸ் என்று ஒரு பூவாம், காயவைத்து அரைத்து வருகிறதாம். கசப்பு அதிலிருந்துதான்.

ஒரு வாய் குடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகுதான் அடிநாக்கில் கசப்பு ஏறியது, அம்மா. வேப்பங்கொழுந்தைவிடக் கசப்பு. காது மடல் சூடாகியது. துப்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கசப்புக்குப் பின்னால் லேசாக வெல்லப்பாகு போல ஒன்று வந்தது. இன்னொரு வாய் குடித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராஜேந்திரனை நினைத்துக்கொண்டேன். எனக்கு நிச்சயம் செய்த கோலா கிளாவாங் மாப்பிள்ளை, மின்சார வேலை. பாரோயில் நம் சொந்தக்காரர் கல்யாண விருந்தில் அவன் கையில் ஒரு கிளாஸ் பீரைப் பார்த்தாய். ஒரே ஒரு கிளாஸ். மறுநாள் காலை நிச்சயத் தட்டு திரும்பிப் போய்விட்டது. "உங்கப்பனும் ஒரு கிளாஸ்லதான்டி ஆரம்பிச்சான்" என்றாய். கால்வாயை நானும் பார்த்தவள். தலையாட்டினேன். அதற்குப் பிறகு வந்த எந்த இடமும் கூடவில்லை. ஷிப்டு வேலை, நீ, தம்பி என்றே என் காலம் போனது.

"அம்மா இருந்திருந்தா இந்த லேபிளக் கிழிச்சுப் போட்டிருக்கும்" என்றேன்.

பாலா தொட்டியைத் துடைத்துக்கொண்டே, "அம்மா இதக் குடிச்சுச்சு கா" என்றான்.

"இதையா?" என்றேன்.

"கடைசியில மருந்தால நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லும்ல. ஒரு நாள் பானையில என்னா இருக்குன்னு கேட்டுச்சு. ஸ்பூன்ல குடுத்தேன். 'இது ஒண்ணுதான்டா நாக்குல தெரியுது'ன்னுச்சு. அப்புறம் நீ வேலைக்குப் போனதும் அதுவே கேட்டு வாங்கிக் குடிக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னுச்சு."

"ஏன்டா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "'அவளுக்கு ராஜேந்திரன் ஞாபகம் வந்துரும்'னு சொன்னுச்சு கா."

அம்மா, அப்படியென்றால் நான் அவனை மறக்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகத் தெரியும்? என் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்தபோதெல்லாம் தெரியுமா? போன வருஷம் ராஜேந்திரன் மகளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. போனேன். வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தான். அவன் குடிகாரனாக ஆகவில்லை, அம்மா.

நீ பயந்தாய். அந்தப் பயம் எனக்குப் புரியும். அதற்காக நான் கோபப்படவில்லை. பயம் தெளிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தினமும் உன்னைத் தூக்கி உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேனே, அப்போது சொல்லியிருக்கலாமே. மகனிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் முடியவில்லையா?

கிளாஸில் மிச்சம் இருந்ததையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். "பேரும் வேணாம், கதையும் வேணாம். அது நம்ம வீட்டுக் கதை, விக்காத" என்றேன். அவன் வாக்குவாதம் செய்தான். அம்மாவுக்குப் பெருமைதானே என்றான். யாருக்குப் பெருமை என்று கேட்டேன். இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்து, வேறு பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னான். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டுப் போனான்.

அடுத்த மாதம் உன் திதி. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பேன். அவன் பீர் கொண்டுவந்து படையலில் வைத்தால் தடுக்க மாட்டேன். நீ விரும்பிக் குடித்தது, உனக்கு வரட்டும். ஆனால் உன் படத்துக்கு முன்னால் நின்று 'பரவாயில்லை அம்மா' என்று மட்டும் சொல்ல மாட்டேன். என்றைக்கு அது என் வாயில் உண்மையாக வருகிறதோ, அன்றைக்கு நானே வந்து சொல்கிறேன். அதற்காக உனக்கு விளக்கு ஏற்றுவதை நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய உன் மூத்த மகள்,
செல்வி