குங்குமம் வைத்த பூட் ஃபிளாப்பி

என் கண்ணு சுமதிக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. துடியலூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் நம் பட்டறையில் உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறது. உன் எடைக்கு வாங்கிய நாற்காலி, அது என்ன செய்யும்?

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் கம்ப்யூட்டருக்கு ஒரு பூட் ஃபிளாப்பி போட்டாயே, அதைப் பற்றித்தான். வெறும் ஃபிளாப்பியைச் செருகி ஒரு வரி தட்டினாய். மிஷின் கொஞ்ச நேரம் முனகியது.

"என்னைக்காச்சும் கம்ப்யூட்டர் எந்திரிக்கலீன்னா இதைப் போட்டு எழுப்புங்கப்பா. எந்திரிச்சதும் மோட்டார் லிஸ்ட்டைக் காப்பி எடுத்துருங்க. என்னோடதெல்லாம் குப்பைங்க, கெடக்கட்டும்."

எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று நான் கிறுக்கி வைத்திருந்த நோட்டுகளை எல்லாம் நீதானே அதில் ஏற்றியிருந்தாய். இன்னொரு ஃபிளாப்பியும் போட்டு வைக்கச் சொன்னாய். பத்தாவதோடு நின்றவன், எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். போட்டு வைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லேத், டிரில்லிங் மிஷின், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். உன் ஃபிளாப்பியை மட்டும் விட மனசு வருமா? மேல் உறையில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். வேலை செய்வது உள்ளே இருப்பதுதானே என்று தகர மூடியை நகர்த்தி, அந்தக் கறுப்புத் தகட்டின் மேலேயே வைத்துப்போட்டேன்.

கார்த்திகையில் ஒரு காலை கம்ப்யூட்டர் எழவில்லை. ஃபிளாப்பியைச் செருகினேன். கரகரவென்று அரைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. நின்ற மோட்டாரைத் தட்டி ஓட்டிப் பழகிய கை அல்லவா? மூன்று நாள் பெட்டியைத் தட்டித் தட்டி, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகுதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் மணியைக் கூப்பிட்டேன். அவர் ஃபிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்கண்ணா, இதென்னங்க செவப்பா?"

"பூஜை போட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

தன் கடையில் புதிதாக ஒரு பூட் ஃபிளாப்பி போட்டுக் கொண்டுவந்து எழுப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்ததும் உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் பெட்டிக்குள்ளே, எல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க் டக் டக் என்றது. தட்டியதில் இன்னும் கெட்டிருக்கிறது, எத்தனை நேரம் தாங்குமோ தெரியாது, எதை முதலில் எடுக்கட்டும் என்று கேட்டார்.

"புள்ளையோடத எடுங்க" என்றாள் உன் அம்மா.

நான் மோட்டார் லிஸ்ட் என்றேன்.

லிஸ்ட் முழுசாக வந்துவிட்டது. பிறகு உன்னுடையதைத் திறந்தார். பதினோரு ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. முதலாவதை எடுக்கும்போதே டிஸ்க் நின்றுபோனது. அப்புறம் அது எழவே இல்லை. திரையில் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. அணைக்கும் முன் ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆறாவது பெயர், இங்கிலீஷ் எழுத்தில், 'அப்பா'.

அதில் என்ன கண்ணு எழுதியிருந்தாய்? திட்டியிருந்தாயா? திட்டியிருந்தாலும் படித்திருப்பேனே.

நீ சொன்னபடிதான் செய்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதிப் பொய். அப்போது தொண்டாமுத்தூரிலிருந்து வந்த மோட்டார் ஒன்று பெஞ்சின் மேல் பிரித்துக் கிடந்தது. அந்த விவசாயி தண்ணீருக்குக் காத்திருந்தார். என் புத்தி அங்கே இருந்தது. உன் அம்மா சண்டை போடவில்லை. வேளைக்குச் சோறு போடுகிறாள். பேச்சுத்தான் இல்லை.

இப்போது பூட் ஃபிளாப்பி போட நானே கற்றுக்கொண்டேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். மூன்று போட்டு வைத்திருக்கிறேன். யாருக்காக என்று கேட்காதே.

நின்றுபோன டிஸ்க்கை மணி கேட்டார், கொடுக்கவில்லை. அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் பெங்களூரில் இருக்கலாம் என்கிறார். இருந்தால் நானும் உன் அம்மாவும் எடுத்துக்கொண்டு போவோம். எதை முதலில் எடுக்கட்டும் என்று அவர்கள் கேட்கும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன், கண்ணு. உன் அம்மாதான் சொல்வாள்.

உன்னைப் பெற்ற அப்பன்,
ஆறுமுகம்