இருவர் சந்திக்கும் அத்தியாயம்

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

காலையில் டைப்பிங் கடையில் மூன்று கிரயப் பத்திரம், ஒரு தான செட்டில்மெண்ட் டைப் அடித்தேன். மதியம் ஜெயசுதா சென்னையிலிருந்து கூப்பிட்டார். பதிப்பகத்தில் என் நாவலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடுமாம். ஒரே ஒரு குறை.

“நாலாவது அத்தியாயம் மட்டும் ஒட்டவே இல்ல வளர்மதி. அந்த ரெண்டு பொம்பளைங்களும் முதன்முதலா பாத்துக்கறாங்க. ஆனா அடுத்து என்ன பேசப்போறோம்னு ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருக்கு. திருப்பி எழுதுங்க.”

எழுதுகிறேன் என்றேன். நாற்பத்து நாலு வயதில் முதல் நாவல். மாட்டேன் என்று சொல்கிற நிலைமையா எனக்கு?

நைனா, என் அப்பா, போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஏதோ சொல்ல வாயெடுத்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 13

பஸ்ஸில் சந்திக்க வைத்தேன். பொய். கிழித்தாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழையில், ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி பெஞ்சில் — மூன்று விதமாக எழுதிவிட்டேன். மூன்றிலும் ஒருத்தி அழுகிறாள், மற்றவள் தோளைத் தொடுகிறாள். முன்பின் தெரியாதவளை யார் அப்படித் தொடுகிறார்கள்?

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். மனிதர்கள் எப்படிச் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்தேன். எல்லோரும் கூட வந்தவர்களோடுதான் பேசினார்கள். ஒரு பெண் மட்டும் என்னிடம் போனை நீட்டி, “ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா?” என்றாள். எட்டுப் பேர் சிரித்தபடி நெருக்கி நின்றார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

இந்த வாரம் கடைக்கு வெளியே என்னோடு பேசிய ஒரே ஆள் அவள்தான்.

ஆகஸ்ட் 26

பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் ஹபீபாவிடம் கேட்டேன், வீட்டுக்காரரை முதன்முதலில் பார்த்தபோது என்ன தோன்றியது என்று.

“வீங்கின கன்னம்தான்க்கா ஞாபகம். அன்னிக்கி அவருக்குப் பல்லு வலி. வாயே தொறக்கல. திமிரு புடிச்சவரு, எனக்கு வேணாம்னு எங்க அத்தாகிட்ட அழுதேன்.”

“இப்ப?”

“இப்ப வாய மூடினா போதும்னு இருக்குது.”

இரண்டு பேரும் சிரித்தோம். முதல் சந்திப்பில் யாரும் எதிரே இருக்கும் ஆளைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. வேறு எதையோ பார்த்துவிட்டு வருகிறார்கள். பிற்பாடு அவள் கேட்டாள்: “நீங்க யார மனசுல வெச்சிக்கினு எழுதறீங்க?”

யாருமில்லை என்றேன்.

செப்டம்பர் 2

யாருமில்லை என்றது பொய். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

நைனா கண்டக்டராக இருந்தவர். சாவதற்கு ஒரு வாரம் முன்னால், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். “அவலூர்பேட்டைல உனக்கு ஒரு தங்கச்சி இருக்குது. வசந்தான்னு ஒருத்தி… அவ பொண்ணு. கவிதா. பஜார்ல டெய்லர் கட வெச்சிருக்குது. போய்ப் பாரும்மா.”

நான் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒரு வாரம் இருந்தது. அவளுக்கு எத்தனை வயது, போய்ச்சேர்ந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை — ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபமா? பயமா? நைனாவுக்கு நான் ஒருத்திதான் என்று நினைத்து நாற்பத்து மூன்று வருஷம் இருந்தாயிற்று.

அவலூர்பேட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பதினோரு மாதமாகப் போகவில்லை. போகாமல் இருப்பதற்காகத்தான் ஒரு நாவலே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போய்விட்டேன்.

பஸ்ஸில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். கடை வாசலில் நின்றதும், கவிதா தலை நிமிராமலே, “பிளவுஸா? துணி கொண்டாந்திருக்கீங்களா?” என்றாள். இல்லை என்றால் எதற்கு வந்தாய் என்பாள். “இதோ, எதிர்க் கடைல வாங்கினு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்! கையில் அகப்பட்ட பச்சைத் துணியோடு திரும்பினேன்.

“கையத் தூக்குங்கக்கா.”

அக்கா. கடைக்கு வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனாலும் அவள் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் கையைத் தூக்கினேன். டேப்பை முதுகில் வைத்துப் பிடித்தாள். விரலில் சாக்பீஸ் தூள். அளவுகளைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. நைனா ஜாடை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். அந்தப் பல்லைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

“தீபாவளி வேல நெறைய கெடக்குது. மூணு வாரம் ஆவும். பேரு?”

“மதி.”

பாதிப் பெயர். அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15

லீவு சொல்லிவிட்டு எழுதினேன். பதினோரு பக்கம், ஒரு சொல்லையும் அடிக்காமல். துணி வாங்க ஓடியதுவரை எல்லாவற்றையும்.

செப்டம்பர் 19

“எங்கேருந்து புடிச்சீங்க இத?” என்றார் ஜெயசுதா. “இதுதான் நாவலோட உயிர்.”

கற்பனைதான் என்றேன். பகல் முழுக்கத் தரையில் கால் படவில்லை எனக்கு.

சாயங்காலம் துணி மடிக்கும்போது உறைத்தது. அந்தப் பல். அவளுடைய உடைந்த பல்லையும் எழுதியிருக்கிறேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு அன்றைக்கு யாரோ ஒரு மதி, ஒரு பச்சைத் துணி, அவ்வளவுதான். சந்திப்பு எனக்கு மட்டும்தானே நடந்தது? திருடிக்கொண்டு வந்துவிட்டேனே. இதையா அச்சடிக்கப் போகிறேன்?

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

பிளவுஸ் தயாராக இருந்தது. போட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, “என் முழுப்பேரு வளர்மதி. செஞ்சி. கண்டக்டர் ரங்கநாதன் பொண்ணு” என்றேன்.

தையல் மெஷின் நின்றது. “அவரு?” என்றாள்.

“போயிட்டாரு. போன வருஷம் செப்டம்பர்ல.”

“ஒரு வருஷம் ஆயிடுச்சா.” துணியிலிருந்த நூலைப் பிய்த்தாள். “எனக்கு ஒரு ஆள் அனுப்பணும்னுகூட தோணலியா?”

நான் பிளவுஸை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“எனக்கு ஏழு வயசு ஆவுற வரைக்கும் வந்துக்கினு இருந்தாரு. அப்பறம் ரூட்ட மாத்திக்கினு பூட்டாரு. எங்கம்மா சாவுற வரைக்கும் அந்த பஸ் ஹாரன் கேட்டா வாசலுக்குப் போவும். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல நீ? நீ மட்டும் என்னப் பாத்துட்டுப் போயிட்ட.”

மறைக்கக் கூடாது என்று நாவலைப் பற்றியும் சொன்னேன். “படி” என்றாள். போனில் இருந்ததைப் படித்தேன். பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள். பல் வரும் இடத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அதைப் பார்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்க. அச்சுல போடாத” என்றாள்.

அவள் பில் நோட்டில் என் நம்பரை எழுதி வைத்துவிட்டு வந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அக்டோபர் 8

ஜெயசுதாவிடம் அந்த அத்தியாயத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். என்னுடையது இல்லை, இன்னொருத்தருடையது என்றேன். காப்பி அடித்ததாக நினைத்திருப்பார்.

“அது இல்லாம ஜனவரிக்குப் போட முடியாது வளர்மதி. அப்புறம் பாக்கலாம்.”

சரி என்றேன். அழவில்லை. மதியம் இரண்டு பத்திரத்தின் எல்லை விவரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி அடித்துத் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 20, தீபாவளி

வெடிச் சத்தம். ஹபீபா நேற்றே வாழ்த்துச் சொல்லிவிட்டாள். காலையில் இட்லி சுட்டேன். யாரும் வரவில்லை. யார் வருவார்கள்?

நவம்பர் 6

புது நம்பரிலிருந்து போன். “நான் கவிதா பேசறன். ஞாயித்துக்கிழம லைனிங் துணி வாங்க செஞ்சி வரேன். அவரு போட்டோ எதனா வீட்டுல இருக்குதா?”

இருக்குது என்றேன். வைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்று மணிக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தாள். நைனா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

“காக்கிச் சட்ட மட்டுந்தான் ஞாபகம் இருந்தது. மூஞ்சி மறந்தே போச்சு” என்றாள்.

பிறகு தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என்ன பேசினோம் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை. நாலரை பஸ்ஸையும் விட்டாள், ஐந்தரை பஸ்ஸையும் விட்டாள்.