டிசம்பர் வரை கட்டிய காப்பீடு

மார்ச் 9, திங்கள்

அப்புக்குட்டி, காலையிலேயே வெயில். கரண்ட் இல்லை. மூன்று வாளி தண்ணீர் பிடித்து வைத்தேன்.

உன் பெண்டாட்டி செல்வி வைபரில் கூப்பிட்டாள், உன் போனிலிருந்து. உன் படம் வந்து மணி அடித்தது. எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அத்தை, அவரோட வரிக் கணக்கைக் கொடுக்கணும். உங்க காப்பீடும் அதுல வரணும்."

செத்தவனுக்கும் வரிக் கணக்கு உண்டாம். உன் பொறுப்பில் இருக்கிற ஆள் என்று என் பேரும் அதில் வருமாம். எனக்கு நீ அமெரிக்காவில் எடுத்த மருத்துவக் காப்பீட்டுக்கு வருசக் கடைசியில் ஒரு தாள் வந்திருக்கிறது, அதையும் காட்ட வேண்டும். அரசாங்கமும் அதில் ஒரு பங்கு கட்டியிருக்கிறதாம்.

சரி என்றேன். மதியம் சாப்பிட்டேனா, நினைவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். எனக்கு ஏது இங்கிலீஷ். கீழே கடை வைத்திருக்கும் பாத்திமாவிடம் காட்டினேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே என் பேருக்கு முன்னால், இங்கே பர்மாவில் வயசான பெண்களுக்கு மரியாதையாகச் சொல்லும் 'டோ' போட்டிருக்கிறாய்.

"மரியாதைக்கும் சேத்துல்ல காப்பீடு எடுத்துருக்கான் ஒம்மவன்!" என்று சிரித்தாள்.

பிறகு விரல் வைத்துப் படித்தாள். ஜனவரி, பிப்ரவரி. பன்னிரண்டு மாசக் கட்டத்திலும் நீ கட்டிய தொகை இருக்கிறது. டிசம்பர் கூட. நீ கண்ணை மூடிய மாசம்.

"நீ மே மாசமே வந்துட்டியேக்கா. இங்க இருந்துக்கிட்டு அமெரிக்கா டாக்டரா ஒனக்கு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். காசு வாங்காமல் இரண்டு முட்டை கொடுத்தாள்.

வாங்க வேண்டியது: வெங்காயம், மெழுகுவர்த்தி, சோப்பு. சோப்பை மறந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

மறுபடி செல்வி. கணக்கு எழுதுகிறவர் கேட்கிறாராம்.

"நீங்க திரும்பி வரதா இருந்தீங்களா அத்தை, ஒரேயடியா போயிட்டீங்களா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதணுமாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒரேயடியான்னா அரசாங்கம் கட்டுனதுல கொஞ்சம் திருப்பிக் கொடுக்கணுமாம். பரவால்ல அத்தை. அவரோட கடைசிக் கணக்கு. அதுல பொய் வேணாம்."

"காப்பீட்டுப் பணம் பேங்குல தானா கழியுமாம்மா?"

"இல்ல. மாசாமாசம் அவரே உக்காந்து கட்டுவாரு."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தன்லியின் ஊர் அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி, தீர்த்துட்டு வந்துடறேன் என்று உன்னிடம் சொல்லித்தான் அமெரிக்காவிலிருந்து கிளம்பினேன். சாமி பேரைச் சொன்னால் நீ தடுக்கமாட்டாய். அந்தக் கடன் நீ இரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே தீர்ந்தது. நான் பால்குடம் எடுத்தேன். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாய்.

அங்கே பகலெல்லாம் பூட்டிய வீடு. பேச ஆளில்லை. அதையே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். காய்ந்தது.

செல்வியை நானே கூப்பிட்டேன். "ஒரேயடியாத்தான் வந்தேன்மா. மே மாசத்தோட முடிச்சு எழுதச் சொல்லு."

"சரி அத்தை" என்றாள். கோபமா, தெரியவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

பாத்திமாவின் முட்டை இரண்டும் அப்படியே இருக்கிறது.

சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நீ. கடன் தீர்ந்தது உனக்கும் தெரியும்தானே. நான் வரமாட்டேன் என்று தெரிந்தேதான் மாசாமாசம் கட்டினாயா, அப்பு?