1989-ஆம் ஆண்டின் முதல் அகப்பை

மதுரை,
18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அருட்சகோதரி தெயோபிலா அவர்களுக்கு,

தூய மார்த்தம்மாள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தமிழாசிரியை பவதாரிணி வணக்கத்துடன் எழுதுவது.

என் அம்மாவுக்கு விழுந்த சீட்டை நீங்கள் திருடினீர்கள். 1989 ஜூலை 29, சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில், முந்நூறு பெற்றோர் பார்த்திருக்கத் திருடினீர்கள். யாரோ சொல்லக் கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் கையெழுத்திலேயே படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் தலைமையாசிரியை பொறுப்பை விட்டு ஏற்காட்டு ஓய்வு இல்லத்துக்குப் போன பிறகு இங்கே படித்தவள் நான். இப்போது இங்கேயே தற்காலிக ஆசிரியை. பள்ளிக்கு இது நூறாவது ஆண்டு. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தற்காலிகமாக இருப்பவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் அல்லவா. தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தாவின் அலமாரியிலிருந்து மடத்தின் இல்லக் குறிப்பேடுகள் பதினேழும் என் மேசைக்கு வந்தன.

மார்த்தா திருநாள் பிறந்த கதையைச் சகோதரிகளின் தாழ்மை என்று எழுதச் சொன்னார்கள். ஏட்டில் இருப்பது வேறு. 1925-ல் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியில் பதினொரு பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பித்தது. அதில் மூன்று பேர் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள். அவர்களுக்கும் சேர்த்துப் பொங்கமாட்டேன் என்று சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மார்த்தம்மாள் திருநாள். பிள்ளைகளே அடுப்பு மூட்டிப் பொங்கினார்கள். முதல் அகப்பையை யார் பரிமாறுவது என்ற பேச்சு வந்தபோது, அன்றைய தலைமைச் சகோதரி பதினொரு பெயரையும் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கினார். ராமக்காள் பெயர் வந்தது. கூலிக்காரரின் மகள். அவள் போட்டதைத் தலைமைச் சகோதரி எல்லோருக்கும் முன்னால் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் சகோதரிகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவினார்கள். அன்று முதல் வருடந்தோறும் சீட்டு விழுந்தவள் முதல் அகப்பை பரிமாறுவதும், அவள் பெயர் மண்டபத்துப் பலகையில் ஏறுவதும் வழக்கமானது; பலகையில் முதல் பெயர் ராமக்காள்தான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது இந்தப் பள்ளியில் படித்ததற்காக எனக்குக் கர்வமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கர்வம் 1951-ஆம் ஆண்டு ஏடு வரைக்கும்தான். விடுதி கட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. விடுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கூலிகளின் பிள்ளைகள். அந்த வருடம் ஏட்டில் ஒரே ஒரு வரி: “விடுதிப் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள், சீட்டு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும்.” எவ்வளவு பாசமான வரி பாருங்கள். அதற்குப் பிறகு பலகையில் ஒரு விடுதிப் பெண்ணின் பெயரும் இல்லை. பாத்திரம் கழுவுகிற வேலையும் சகோதரிகளின் கையிலிருந்து நழுவி வீட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது.

நானும் யோக்கியம் இல்லை. அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து படித்த டே ஸ்காலர் நான். பத்தாம் வகுப்பில் என் பெயர் பானைக்குள் போனது. ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த விடுதிப் பெண்ணின் பெயர் ஏன் போகவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இனி 1989. டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கூலி விவசாயி ஆண்டிச்சாமியின் மகள் மலையம்மாள், பத்தாம் வகுப்பு. அவள்தான் என் அம்மா. ஜூன் மாதம் முழுக்கச் சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்தாள். ஜூலையில் விடுதியில் சேர்ந்தாள். சீட்டுக்கான பட்டியல் ஜூனிலேயே எழுதியாகிவிட்டது. அதில் அவள் பெயர் இருந்தது. அப்புறம் நீங்கள் எழுதியிருப்பது இது:

“சீட்டில் மலையம்மாள் பெயர் வந்தது. வாசித்துவிட்டேன். பெற்றோர் வரிசையில் சிலர் இலையை விட்டு எழுந்தார்கள். இவள் விடுதிப் பிள்ளை, பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லி மறுபடி எடுத்தேன். மீனா. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.”

அன்று எழுந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். மகள் பெயரைக் கேட்டு எழுந்தவர். பக்கத்தில் இருந்தவரிடம், “எம்புள்ள பேரத்தானே வாசிச்சாக?” என்று கேட்டாராம். அவர் தன் இலைப் பக்கம் குனிந்துகொண்டாராம். மீனா பரிமாறத் தொடங்கியபோது தாத்தா பஸ் ஏறிவிட்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால், பயந்துவிட்டீர்கள் என்று விட்டிருப்பேன். அதே பக்கத்தில் நாலாக மடித்த ஒரு தாள் குத்தி வைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் பதினைந்து வயது எழுத்து. “நான் விடுதி மாணவி என்று தெரிந்தும் என் பெயர் பட்டியலில் இருப்பதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. என்னை மன்னிக்க வேண்டுகிறேன்.” நீங்கள் செய்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியிருக்கிறீர்கள். முப்பத்தாறு வருடமாக அவள் அதை நம்புகிறாள். தப்பு தன்மேல்தான் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

சிஸ்டர் ஜெசிந்தாவிடம் ஏட்டைக் காட்டினேன். நெடுநேரம் படித்தார். உயிரோடு இருக்கும் ஒருவர்மேல் பழி போட்டு மலர் அச்சடிக்க முடியாது, சிஸ்டர் தெயோபிலாவே கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் பலகையையும் திருத்தலாம், மலரிலும் போடலாம் என்றார். நியாயம்தான். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். 1989-ல் சீட்டு மலையம்மாளுக்குத்தான் விழுந்தது, அவள்மேல் தவறில்லை என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். ஜூலை 15-ல் மலர் அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
ம. பவதாரிணி


மதுரை,
9 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

ஏற்காட்டின் குளிர் உங்கள் முழங்காலைப் படுத்தாமல் இருக்கட்டும். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் உங்கள் கையெழுத்துதான் இருக்கிறது. ஏட்டில் பார்த்த அதே சாய்ந்த ‘தெ’. கடிதம் கிடைத்துவிட்டது, கையும் எழுதுகிறது.

பதில் வரவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது. உங்கள் இல்லத்திலிருந்து ஒரு சகோதரி எங்கள் அலுவலகத்தை அழைத்து, கடிதம் எழுதிய ஆசிரியை நிரந்தரமா தற்காலிகமா என்று விசாரித்தாராம். தற்காலிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அந்த அழைப்பால், நான் உங்களுக்கு எழுதிய விஷயம் அலுவலகம் வழியாக அம்மா காதுக்கும் போய்விட்டது. அம்மா இப்போது கிராம சுகாதார செவிலியர். தன் பகுதியில் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்வாள். நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்ததும், சேர்க்கைக்குக் கூட்டிப் போனதும் நீங்கள்தான். அதை நான் மறைக்கவில்லை. மலரில் அதற்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். ஒன்றை எழுதினால் இன்னொன்று அழிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ என்னவோ. அழியாது.

அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். “எனக்குச் சோறு போட்ட வீடுடி அது. அந்தம்மா இல்லைன்னா நான் இந்நேரம் கருவேலங்காட்டுல விறகு வெட்டிக்கிட்டு இருப்பேன். ஒனக்கு எம்புட்டுத் திமிரு?” என்றாள். மன்னிப்புக் கடிதத்தின் நகலை எடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “எழுத்துப் பிழை இல்லாமத்தான் எழுதியிருக்கேன்” என்றாள். அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை. அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருடம் சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் விடுதிப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்கள் பெயரும் பானைக்குள் போகும் என்று வகுப்பில் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அஸ்வினி என்ற பெண் எழுந்து, “நாங்க வீட்டுப் பிள்ளைகதானே மிஸ், எங்களுக்கு எதுக்குச் சீட்டு?” என்று கேட்டாள். 1951-ல் எழுதிய வரியை அவள் படித்ததே இல்லை. அது எப்படி அவள் வாய்க்கு வந்தது, சிஸ்டர்? பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, “வீட்டுப் பிள்ளைன்னா அண்டா மட்டும் எப்புடிடி நேரா நம்மகிட்டயே வருது?” என்றாள். அப்போதுதான் வகுப்பு சிரித்தது. அஸ்வினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

ஆசிரியர் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வந்தது. மரபை மாற்ற நான் யார் என்றார்கள். 1925-ஆம் ஆண்டு ஏட்டைப் பிரித்து ராமக்காளின் பக்கத்தை வாசித்தேன். மரபு இதுதான், நடுவில் மாற்றியவர்கள் வேறு ஆட்கள் என்றேன். சிஸ்டர் ஜெசிந்தா என் பக்கமும் பேசவில்லை, அவர்கள் பக்கமும் பேசவில்லை. பத்தொன்பது சீட்டையும் வாங்கித் தன் கையாலேயே பானையில் போட்டார்.

அச்சுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நான்கு வரி போதும். நீங்கள் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதினாலும் சரி, கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

மரியாதையுடன்,
பவதாரிணி


மதுரை,
30 ஜூலை 2025

சிஸ்டர் அவர்களுக்கு,

நேற்று திருநாள் நன்றாக நடந்தது. நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சீட்டு விடுதிப் பெண்ணுக்கு விழவில்லை. அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரின் மகள் சரண்யாதேவிக்கு விழுந்தது. அஸ்வினி முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். “போச்சு மிஸ், அடுத்த வருசம் நான் இங்க இருக்க மாட்டேனே” என்றாள். ஏமாறுவதற்காவது இந்த வருடம் அவர்களுக்கு வழி இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் விடுதிப் பிள்ளைகள் பழக்கத்தில் அண்டாவை நோக்கி நடந்தார்கள். சிஸ்டர் ஜெசிந்தா அவர்களைத் திரும்ப உட்காரச் சொன்னார். எட்டுச் சகோதரிகளும் வரிசையாகப் போய்க் குழாயடியில் குந்தினார்கள். தேய்த்து முடிக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பிள்ளைகளாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடித்திருப்பார்கள்.

அம்மா வந்திருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், தடுப்பூசி முகாமை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு நேராக வந்து பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தாள். சரண்யாதேவி என் அம்மாவின் இலையிலும் பொங்கல் வைத்தாள். அம்மா சாப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

இனி மலரைப் பற்றி. அச்சுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு மீனாவைத் தேடிப் பிடித்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், இரண்டாவதாக எடுத்த சீட்டு அவருடையது. மாசி வீதிப் பக்கம் கணவரோடு பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நான் கேட்க வந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சொன்னார்: “அன்னைக்கே தெரியும்ங்க. கையில ஆப்பையக் குடுத்ததும் வாங்கிட்டேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எம் பேர எடுத்துருங்க.” அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கடையில் கூட்டம். பத்து நிமிடம் கல்லாவை விட்டு எழுந்து வந்து அதைச் செய்தார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு சிஸ்டர் ஜெசிந்தாவிடம் இரண்டு நாள் வாதாடினேன். மீனா பெயரை எடுக்க அவர் சம்மதித்தார். மலையம்மாள் பெயரைப் போடச் சம்மதிக்கவில்லை. அது சிஸ்டர் தெயோபிலா எழுத வேண்டியது, நானோ நீயோ அவருக்காக எழுதினால் அதுவும் ஒரு திருட்டுத்தான் என்றார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான்.

ஆகவே நூறு வருடத்துப் பெயர்ப் பட்டியலில் 1989-க்கு நேரே எதுவும் இல்லாமல் மலர் வெளிவந்துவிட்டது. ஆயிரம் பிரதிகள். நேற்று அதை வாங்கியவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் விரலை வைத்து, இது என்ன, அச்சுப் பிழையா என்று கேட்டார்கள். இல்லை, எழுத வேண்டியவர் இன்னும் எழுதவில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பலகையிலும் அந்த வரியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பெயிண்டர் வந்து, என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

செப்டம்பரில் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. அதற்காகப் பயமும் இல்லை. அரசுத் தேர்வு எழுதியிருக்கிறேன். எங்கே போனாலும் மாதம் ஒரு கடிதம் உங்களுக்கு வரும்.

வீட்டுக்கு வரும் வழியில், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றேன். எழுபத்தேழு வயதாகிறது, பாவம், கடுமையாக எழுதாதே என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, “பதில் வந்தா எனக்கும் காட்டு” என்றாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் உங்களிடம் கேட்டது இது ஒன்றுதான். அதையும் என்னிடம்தான் கேட்கிறாள்.

மார்த்தம்மாள் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அவள் பெயரை எழுதி அனுப்புங்கள், சிஸ்டர்.

இப்படிக்கு,
மலையம்மாள் மகள் பவதாரிணி