சோமாசியின் கல்

சங்கரன்கோவில்,
8.7.2025

கர்த்தருக்குள் அன்பான மகள் பெர்லினுக்கு, அப்பா பவுல்பாண்டியன் எழுதுவது.

போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கடிதம் எழுதச் சொல்லும் உன் பள்ளி விடுதியால் என் கையெழுத்தாவது திருந்தட்டும்.

ஒரு விஷயம், பதறாதே. உன் கினிப்பன்றி சோமாசி மூன்று நாளாக ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது. கூண்டில் விரித்த துணியில் ரத்தம். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூத்திரப்பையில் கல். மருந்துக்குக் கரையாதாம். நெல்லைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டுமாம். "தினமும் முருங்கைக்கீரை போட்டீங்களா?" என்று கேட்டார். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகமாம். நீ ஆசை ஆசையாய் ஒடித்துப் போட்ட கீரை.

என்ன செய்யலாம், சொல்லு மக்கா.

அப்பா

விடுதி, நாமக்கல்,
12.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். கீரை போட்டது நான்தானே. அதனால் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸிலேயே கொண்டுபோங்கள். பட்டினி போட்டுவிடாதீர்கள். நம்மைப் போல அதற்கு வெறும் வயிறு ஆகாது. கூடையில் புல்லும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் வையுங்கள். பஸ்ஸில் சத்தம் கேட்டால் பயப்படும், மூடியின் மேல் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்திலேயே உயிர் போய்விடலாம் என்பதும் தெரியும். என்ன ஆனாலும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இங்கிருந்து வீட்டைப் பார்க்க எனக்கு உங்கள் கடிதத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

உங்கள் மகள்,
பெர்லின்

சங்கரன்கோவில்,
21.7.2025

அருமை மகளுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சனிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலே தையல். மயக்கம் தெளிந்ததும் புல்லைத்தான் தேடினான் உன் ராசா.

எடுத்த கல்லைக் கழுவி, பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். துவரம்பருப்பு அளவுதான், என்ன பாடு படுத்திவிட்டது பார். இனி கவலையை விட்டுவிட்டுப் படிப்பைப் பார். காலாண்டுப் பரீட்சை வருகிறது.

அப்பா

விடுதி, நாமக்கல்,
27.7.2025

அப்பா,

கல் வந்தது. வியாழக்கிழமை முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் அறைத்தோழி மீரா பீவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சோமாசி பெரிய ஆளுதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு கெமிஸ்ட்ரி லேப். கினிப்பன்றிக்கு வரும் கல் பெரும்பாலும் சுண்ணாம்பு வகை. ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்கும். அதைக் காட்டுகிறேன் என்று பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டேன். ஒரு சொட்டு விட்டேன். பொங்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன். பிறகு கல்லையே ஆசிட்டுக்குள் போட்டேன். அது பாட்டுக்குக் கிடந்தது. சார் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, "இது சும்மா ஆத்துமணல்ல கிடக்கிற கல்லும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சோமாசி எங்கே அப்பா?

பெர்லின்

சங்கரன்கோவில்,
1.8.2025

மக்கா,

சோமாசி இல்லை. ஆபரேஷனும் நடக்கவில்லை.

சனிக்கிழமை நீ சொன்னபடியே கூடையோடு பஸ் ஏறினேன். எங்கள் ஆபீஸ் கோமதிநாயகம் அண்ணாச்சி பின் சீட்டில் இருந்தார். "கூடைக்குள்ள என்ன வே?" என்று மூடியைத் தூக்கிப் பார்த்தார். "எலிக்கு ஆபரேஷன் பண்ணவா நெல்லைக்குப் போறீரு?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "எங்க வீட்டுது இல்ல அண்ணாச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடது. மானூர்ல ஒருத்தருக்குக் குடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பாதி வழியில் மானூரில் இறங்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த நெல்லை பஸ்ஸில் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

மறுநாள் கோயிலில் ஆராதனை முடிந்து வந்து பார்த்தபோது அது செத்துக் கிடந்தது.

"புள்ளைக்கு உள்ளத எழுதிருங்க" என்றுதான் உன் அம்மா சொன்னாள். பரீட்சை நேரத்தில் வேண்டாமே என்று நான்தான் கேட்கவில்லை. வீடு கட்ட இறக்கிய மணலில் அந்தக் கல்லைப் பொறுக்கினேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். அப்பாவை மன்னித்துவிடு.

அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் இருந்தது. இப்போது பூரண சுகம். கவலைப்படாதே.

அப்பா

விடுதி, நாமக்கல்,
6.8.2025

அப்பாவுக்கு,

பஸ்ஸில் நடந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நாலு பேர் சிரித்தால் யாருக்கும் வாய் குழறும். ஆனால் எனக்குக் கடிதம் எழுதிய திங்கட்கிழமை உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மணலில் குனிந்து, அளவு பார்த்து ஒரு கல்லை எடுத்து, கழுவி, பஞ்சில் சுற்றியிருக்கிறீர்கள். நாலு தையல் என்று எண்ணிக்கைகூடச் சொன்னீர்கள். அத்தனை நிதானமாக என்னை ஏமாற்றினீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் எனக்கே அவமானமாக இருக்கிறது.

அம்மா பூரண சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இங்கே கூட்டி வாருங்கள். நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெர்லின்