லண்டனில் நான் ஓட்டுப் போடப் போனது

அன்புள்ள அம்மாவுக்கு முர்டோ எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே காளை மாதிரி இருக்கிறேன்.

ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று வியாழக்கிழமை நீங்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டீர்களே, நானும் கிளம்பினேன். அப்பாவின் கில்ட்டைக் கட்டிக்கொண்டு நடந்ததில் பாதி லண்டன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. வழக்கமாக ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்குப் போனால், உள்ளே பாடம் நடக்கிறது. வாட்ச்மேன் பெர்சி வந்தான்.

"என்னண்ணே, பாவாடையெல்லாம் கட்டிக்கிட்டு? யாருக்குக் கல்யாணம்?"

"ஓட்டுப் போட வந்தேன்டா. எங்க நாடு பொறக்கப் போகுது!"

அவன் சிரிப்பை விழுங்கினான். "அது அங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தாண்ணே. நீங்க வந்துதான் எத்தனையோ வருஷமாச்சே. நீங்க எங்க ஆளு."

அன்பாகத்தான் சொன்னான். நான் லண்டன்காரனாம். நான், அம்மா!

தோற்றுவிட்டோம். என் ஓட்டு இருந்திருந்தால் கதையே வேறு என்று வேலையிடத்தில் முழங்கிவிட்டேன். நீங்கள் எதற்குப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன்.

ஓட்ஸ் பிஸ்கட் இரண்டு பாக்கெட் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை. அப்புறம், வீட்டுக் கதவில் பித்தளைத் தகட்டில் அப்பா பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறதே, அதையாவது கழற்றிவிடாதீர்கள்.

மேஸ்திரி கத்துகிறான், போகிறேன்.

உங்கள் மகன்
முர்டோ